சித்தப்பாவின் ரென் அண்ட் மார்ட்டின்

என் அக்கா மகள் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வளர்ந்து, கலைப் பிரிவில் உயர்தரம் தேறியவள். 1874இல் தொடங்கி, இப்போது கொழும்பு புதுக்கடையில் இயங்கும் அந்தக் கல்லூரிக்குள் போக இரண்டு வினாத்தாள்களைத் தாண்டவேண்டும். ஒன்று பொது அறிவும் நுண்ணறிவும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அரசியலமைப்புத் திருத்தங்களை வரிசையாகச் சொல்வாள். எண் தொடர்களை நான் பேனையை எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுவாள். மற்றது ஆங்கிலம். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பதுளைக்கு என் வீட்டுக்கு வருகிறாள்.

வரும் வழியில், பசறை ரோட்டில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை அவள் பஸ் கடக்கிறது. 2005இல் தொடங்கிய பல்கலைக்கழகம், படிப்பு ஆங்கிலத்தில். சுற்றியுள்ள மலைகளில் தேயிலை, தேயிலைக்கு நடுவே தமிழ்ப் பாடசாலைகள். அந்தப் பாடசாலைகளில் பலவற்றில் ஆங்கிலத்துக்கென்று முறையாகப் பயின்ற ஓர் ஆசிரியர் நிலைத்து நின்றதில்லை. இந்த இரண்டும் ஒரே ரோட்டில் இருப்பதை, வாழ்நாளெல்லாம் இங்கிலீஷ் படிப்பித்தவன் என்ற முறையில், என்னால் பார்த்தும் பாராமல் போகமுடியவில்லை.

போன மாதம் அவள் செய்து கொண்டுவந்த பயிற்சித்தாளில் பத்து வெற்றிடங்கள். எல்லாம் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ போன்ற சின்னச் சொற்கள். நான்கு மட்டுமே சரி. இத்தனைக்கும் சொல்வளத்தில் அவள் குறைந்தவள் அல்ல. ‘அம்பிகுவஸ்’, ‘அன்பிரெசிடென்டட்’, ‘மிட்டிகேட்’ என்று எதைக் கேட்டாலும் பொருள் சொல்வாள், எதிர்ச்சொல்லும் சொல்வாள். பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்திருக்கிறாள். அந்தப் பெரிய சொற்களை ஒரு வாக்கியத்தில் உட்காரவைக்கும்போது நடுவில் இருக்கும் இரண்டெழுத்துச் சொல்லில் சறுக்குகிறாள்.

“மாமா, மேசையில ஆன். பதுளையில இன். ஸ்டேசன்ல அட். நமக்கு எல்லாத்துக்கும் ஒரே ‘இல’தானே? எதை வச்சுப் பிரிக்கிறது?”

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. தமிழில் ஏழாம் வேற்றுமை உருபு ஒன்று அத்தனை வேலையையும் தனியாகச் செய்துவிடுகிறது. ஆங்கிலம் அந்த ஒரே இடத்தில் நின்று மூன்று கேள்வி கேட்கிறது. பொருள் ஒன்றின் உள்ளே இருக்கிறதா? ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா? அல்லது நீ அந்த இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் பார்க்கிறாயா? கூடைக்குள் கொழுந்து என்றால் ‘இன்’. தராசின் மேல் கூடை என்றால் ‘ஆன்’. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா நிற்கிறாள் என்றால் ‘அட்’. பஸ்ஸுக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’ என்பதை மட்டும் தனியாக மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எழுந்து நின்று நடக்கக்கூடிய வாகனம் என்றால் ‘ஆன்’ என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. அரைமணி நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த தாளில் ஒன்று மட்டும் பிழை.

காலமும் அப்படித்தான். “மூணு வருசமா படிக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ ஆம் ஸ்டடியிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’, கழிந்த காலத்தின் நீளத்துக்கு ‘ஃபோர்’, அன்று தொடங்கி இன்னும் ஓடுகிறது என்பதற்கு ‘ஹேவ் பீன்’. பரீட்சைத்தாள்களில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் இந்த இடம் அடிக்கடி வரும். ‘ஏ’, ‘அன்’, ‘தி’ மூன்றும் இன்னொரு குழி. நம்முடைய ‘ஒரு’வை வைத்து அந்தக் குழியைத் தாண்டமுடியாது. தமிழ்ப் பிள்ளை எங்கே விழும் என்பது தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். ஆறாம் வகுப்பில் யாராவது ஒருவர் இதை அவளுக்குச் சொல்லியிருந்தால், உயர்தரமும் முடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறவேண்டிய தேவை இருந்திருக்காது.

எங்கள் மேசையில் கிடக்கும் இலக்கணப் புத்தகம் என் சித்தப்பாவுடையது. ரென் அண்ட் மார்ட்டின். 1930களில் இந்தியாவில் வெளிவந்து, தென்னாசியா முழுவதும் பரீட்சைக்குப் படித்தவர்களின் கையில் புழங்கிய புத்தகம். எழுதிய இருவரில் ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வி உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர். ‘போ ஜெஸ்ட்’ என்ற பிரெஞ்சு அந்நியர் படையைப் பற்றிய நாவலால் உலகப் புகழ் பெற்றவர். சித்தப்பாவின் பிரதியில் அட்டை போய், மாட்டுத்தோல் நிறத்துக் கடதாசியில் ஊசி நூலால் தைத்த அட்டை ஒன்று இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதிய விடைகள். எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும்.

சித்தப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், ஒரே மாஸ்டர், ஐந்து வகுப்பு. அதற்கு மேல் படிக்கவேண்டுமென்றால் டவுனுக்குப் போகவேண்டும். டவுனில் தங்க வசதி வேண்டும். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் படிப்பித்த தகப்பனுக்குப் பிள்ளை. அவருக்கே உயர்நிலைப் பள்ளிக்குக் கடல் தாண்டிக் கும்பகோணம் போய், பிறகு திரும்பி வந்து பதுளையில் படிக்கவேண்டியிருந்தது. மாஸ்டர் மகனுக்கு அந்த நிலை என்றால் கொழுந்தெடுப்பவள் மகனுக்கு என்ன நிலை என்று சொல்லத் தேவையில்லை. சித்தப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆபீஸில் இருந்த பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு அவர்மேல் பிரியம். மாலையில் ஆபீஸ் திண்ணையில் உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தையும் அவர்தான் கொடுத்தார்.

அப்படிப் படித்த இங்கிலீஷில் சித்தப்பா லயத்துக்கே பெட்டிசம் எழுதினார். தொழிற் திணைக்களத்துக்கு, போலீஸுக்கு, கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்கு. பிள்ளைக்காம்பரா ஆயா முதல் கங்காணி வரை, யாருக்குக் காகிதம் வந்தாலும் அவர் கைக்கு வந்து, அவர் வாய் வழியாகத்தான் செய்தி தெரியும். யாரிடமும் காசு வாங்கியதில்லை. நான் சின்னப் பையனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குண்டு எழுத்து கடதாசியில் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரியை எழுதும் முன் முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டுவார். பெட்டிசக்காரர் தலையாட்டிய பிறகுதான் முடிப்பார்.

அவருக்கு அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சை எழுதவேண்டும் என்று ஆசை. இங்கிலீஷ் இருந்தது, கணக்கு இருந்தது, கையெழுத்து இருந்தது. விண்ணப்பத்தின் முதல் நிபந்தனையை மட்டும் அவரால் நிறைவேற்ற முடியவில்லை: விண்ணப்பதாரி இலங்கைப் பிரஜையாக இருக்கவேண்டும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களை, பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒப்பந்தம். எங்கள் குடும்பத்திலும் கோடு விழுந்தது. 1977இல் சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் பதுளை ஸ்டேசனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலை போட்டிருந்தது. இங்கே விட்ட வேலையை அங்கே தொடர்ந்தார். புத்தகத்தை என் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார், பையனுக்கு ஆகும் என்று.

அவருக்குத் தெரிந்த அளவு இங்கிலீஷ் தெரிந்தவர் எங்கள் டிவிசனில் அதற்குப் பிறகு நீண்ட காலத்துக்கு யாரும் வரவில்லை.

எனக்குப் பரீட்சை வயது வந்தபோது சட்டமும் வந்தது. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டத்தால் எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. சித்தப்பா நின்று திரும்பிய அந்த நிபந்தனையை நான் கடந்துவிட்டேன். ஆனால் அவரிடம் இருந்தது என்னிடம் இருக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களை 1977க்குப் பிறகு அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பாடப்புத்தகம் 1980இலிருந்து இலவசமாக வந்தது. இங்கிலீஷ் புத்தகம் வந்தது, இங்கிலீஷ் மாஸ்டர் வரவில்லை. அந்தப் பாட நேரத்தில் நாங்கள் தோட்டம் கொத்தினோம், அல்லது மற்றப் பாடத்து மாஸ்டர் வந்து கணக்குச் செய்வித்தார்.

வேலை விளம்பரங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். அதைப் பார்க்கப் பதுளைக்குப் போகவேண்டும். 88, 89 இரண்டும் ஊவாவில் கெட்ட வருடங்கள். ஊரடங்கு, கடையடைப்பு, பஸ் ஓடாத நாட்கள், ரோட்டோரத்தில் பார்க்கக்கூடாத காட்சிகள். பாதிப் பரீட்சைகள் தள்ளிப்போடப்பட்டன. ஓர் அரச வங்கி பயிலுநர்களைச் சேர்க்கப் பரீட்சை வைப்பதாக விளம்பரம் வந்தது. ஆங்கிலம், கணக்கு, பொது அறிவு என்று தாள்கள். நான் குப்பி லாம்பு வெளிச்சத்தில் சித்தப்பாவின் புத்தகத்தைத் திறந்தேன்.

செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி. வாக்கியங்களில் வரும் மனிதர்கள் யார் என்றே தெரியாது. மன்னர்கள், மாலுமிகள், வேட்டைக்குப் போகும் கனவான்கள். சொற்களுக்கு வேறு வழி வைத்திருந்தேன். தோட்டத்துக் கடையில் சீனி, பருப்பு சுற்றித் தரும் பழைய டெய்லி நியூஸ் தாளைக் கிழியாமல் பிரித்து, தெரியாத சொல்லைக் கோடிட்டு, ஸ்டோரில் கழித்துப்போட்ட பேரேட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். ஒரு தலையங்கத்தின் நடுப்பகுதி மட்டும் கிடைக்கும். தொடக்கமும் முடிவும் வேறு யார் வீட்டுப் பருப்போடு போயிருக்கும். அதை நானே எழுதிப் பார்ப்பேன்.

இதெல்லாம் சேர்ந்தும் என்னை அந்தப் பரீட்சைக்குத் தகுதியாக்கியிருக்காது. என்னைத் தகுதியாக்கியவர் பதுளையில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற மாஸ்டர். யாரோ சொல்லி, அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், பென்சில் விடைகளைப் பார்த்தார், மூடி வைத்தார். “உங்க லயத்துல கூரை ஒழுகுதா?” என்று கேட்டார். ஒழுகுகிறது என்றேன். “அப்ப தொரைக்கு ஒரு கடிதம் எழுதிக்கிட்டு வா. ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாது” என்றார்.

எழுதிப் போனேன். சிவப்பு மையில் குளித்துத் திரும்பியது. எந்தத் திகதியிலிருந்து ஒழுகுகிறது? எத்தனை காம்பரா? யார் போய்ச் சொன்னார்கள், எப்போது? ‘வீ ஆர் சஃபரிங் வெரி மச்’ என்ற வரியை முழுதாக அடித்துவிட்டு, பக்கத்தில், கஷ்டப்படுகிறோம் என்று சொல்லாதே, மழைக்கு எந்த மூலையில் பாத்திரம் வைக்கிறீர்கள் என்று சொல் என்று எழுதியிருந்தார். திரும்ப எழுதினேன். திரும்பவும் சிவப்பு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் சொல்லுவார். காரணம் புரியாமல் அடுத்த வரிக்குப் போகவிடமாட்டார். அந்த ஒரு கடிதத்துக்குள் காலம், ஒருமை பன்மை, ‘சின்ஸ்’, ‘ஃபோர்’, ‘இன்’, ‘ஆன்’ எல்லாம் வந்துவிட்டன. ரென் அண்ட் மார்ட்டினில் மாதக்கணக்கில் செய்த பயிற்சி அங்கேதான் எனக்கு அர்த்தமானது. பரீட்சை அன்று கொழும்பில் மண்டபத்துக்குள் உட்கார்ந்தபோது, கடிதம் எழுதும் வினாவைப் பார்த்து என் கை நடுங்கவில்லை. வங்கி முடிவு வருவதற்கு முன்னால் ஆசிரியர் நியமனம் வந்தது. அதை எடுத்துக்கொண்டேன், அதிலேயே இருந்துவிட்டேன்.

இப்போது என் மருமகளின், அந்த அக்கா மகளின், கையில் ஒரு போன். அதற்குள் என் காலத்து ஆசைகள் எல்லாம் இருக்கின்றன. ரென் அண்ட் மார்ட்டின் முழுப் புத்தகமும் இருக்கிறது. நோர்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ இருக்கிறது. அந்தப் புத்தகத்தை நான் ஆசிரியராகிச் சம்பளம் வாங்கிய பிறகுதான் கண்ணால் கண்டேன். கடந்தகால வினாத்தாள்கள், சென்னையிலும் மதுரையிலும் இருந்து வங்கிப் பரீட்சைக்கும் அரசுத் தேர்வுக்கும் பாடம் நடத்துபவர்களின் வீடியோக்கள், உச்சரிப்பைச் சொல்லித்தரும் அகராதிகள், பிழை திருத்தும் செயலி. நான் இதைக் குறைத்துப் பேசமாட்டேன். வர்த்தமானி பார்க்க மலை இறங்கியவனுக்கு இதன் அருமை தெரியும். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் தமிழிலேயே ‘ஹேவ் பீன்’ விளக்கும்போது மருமகள் கொப்பியில் எழுதிக்கொள்வதைப் பார்த்து மனம் நிறைந்திருக்கிறேன்.

அந்தப் போன் இவள் கைக்கு எளிதாக வந்துவிடவும் இல்லை. கொரோனாவில் பாடசாலை மூடியபோது லயத்தில் சிக்னல் இல்லை. 2021இல் லுணுகலைப் பக்கம் போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் பாறை ஏறி இணைய வகுப்பில் சேர்ந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. எங்கள் பக்கத்து மலைகளிலும் அதே கதைதான், படம் எடுக்க யாரும் வரவில்லை. அந்த வருடம்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் போன் வாங்கி, டேட்டா போட்டு, பிள்ளையைப் படிக்கவைப்பது என்றால் வீட்டில் வேறொன்று குறையவேண்டும். அக்கா வீட்டில் என்ன குறைந்தது என்று நான் கேட்டதில்லை, அக்கா சொன்னதுமில்லை. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது மருமகள் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்கள், மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மெழுகுவர்த்தியில் படித்து மே மாதம் எழுதினாள். 34 வருடம் கழித்து என் பரீட்சை இரவு அவளுக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வளவும் தாண்டி வந்தவளுக்கு இன்று இல்லாமல் இருப்பது ஒன்றே ஒன்று. அவள் எழுதிய வாக்கியத்தை எடுத்து, இது ஏன் நிற்கவில்லை என்று அவளிடம் பேச ஓர் ஆள். ஒரு நாள் கட்டுரை ஒன்றைச் செயலியில் போட்டுத் திருத்தி எடுத்துவந்தாள். குறை சொல்ல முடியாத ஆங்கிலம். மூன்று பத்தியிலும் அவளைக் காணவில்லை. அவளுடைய பிழைகள் போனதோடு அவள் சொல்லவந்த விஷயமும் போயிருந்தது. முதலில் கையால் எழுதிய தாளைக் கேட்டு வாங்கினேன். அதில் அவள் அப்பாவின் தோட்டத்தில் கொழுந்து குறைந்து காடாகும் மலைகளைப் பற்றி, பிழையான ஆங்கிலத்தில், சரியான இரண்டு வரிகள் இருந்தன. அதை வைத்துக்கொண்டு நாங்கள் மதியம் வரை உட்கார்ந்தோம். பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சட்டத்தரணியாகி நாளைக்கு ஒரு தொழிலாளிக்காக எழுதப்போகிறவள், தான் நினைத்ததைத் தானே எழுதத் தெரிந்திருக்கவேண்டும்.

ஓர் ஆளைக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஸ்வீடன் நாட்டு உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடம் வந்தது. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. அங்கே படித்து வந்த நல்ல ஆசிரியர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். 2015 வாக்கில் மலையகப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான இளைஞர்களை ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். பிறகு 10,000 ஆக்கினார்கள். பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகிவிடும். அந்தப் பிள்ளைகள் அதில் நின்று படிப்பித்தார்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் ஆங்கிலம் படிப்பிக்கக்கூடியவருக்கு டவுனில் ஆயிரம் வழி இருக்கிறது. பஸ் போகாத மலைக்கு அவரை வரவைக்கத் தங்குமிடமும் மேலதிகப் படியும் கொடுத்தால்தான் நடக்கும். கொடுக்கப்படவில்லை.

பரீட்சை முறையும் பிள்ளையை ஏமாற்றுகிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலம் தவறினாலும் உயர்தரத்துக்குப் போகலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு தாள் உண்டு. அதன் புள்ளி பல்கலைக்கழக இசட் புள்ளியில் சேராது. சேராத பாடத்துக்கு எந்தப் பாடசாலை நேரம் ஒதுக்கும்? ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் படி என்று பன்னிரண்டு பதின்மூன்று வருடம் சொல்லி வளர்த்துவிட்டு, கடைசியில் சட்டக் கல்லூரி வாசலில், வங்கி வாசலில், பல்கலைக்கழக முதல் வருட வகுப்பில் திடீரென்று, ஆங்கிலம் எங்கே என்று கேட்கிறார்கள். டவுனில் தகப்பனும் தாயும் உத்தியோகம் பார்க்கும் வீட்டுப் பிள்ளை இந்த இடைவெளியைப் பணம் கொடுத்து டியூசனால் நிரப்பிக்கொள்ளும். லயத்துப் பிள்ளை வெறுங்கையோடு அந்த வாசலில் நிற்கும்.

சட்டக் கல்லூரியில் படிப்பையும் பரீட்சையையும் முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றும் விதிகள் கொண்டுவந்தபோது, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றைத் தோற்கடித்தது. அந்தச் செய்தியைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். தமிழில் சட்டம் படித்து, தமிழில் பரீட்சை எழுதும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கவேண்டும். அதே சமயம், உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில், தீர்ப்புகள் அச்சாவது ஆங்கிலத்தில் என்பது மருமகளுக்குத் தெரியும். தமிழ் இருக்கும் தைரியத்தில் ஆங்கிலத்தை விட அவள் தயாராக இல்லை. ஐம்பதுகளில் நுவரெலியாப் பக்கத்து சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் துயரத்தை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதி உலகத்துக்குச் சொன்னார். 1947இல் தலவாக்கலை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனிதர் அவர். அடுத்த வருடச் சட்டத்துக்குப் பிறகு அவரைத் தெரிவுசெய்த மக்களின் வாக்கே பறிபோனது. அவர் காலத்திலேயே ஆங்கிலம் எங்கள் மக்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை.

எனக்கு மாஸ்டர் செய்ததைத்தான் மருமகளுக்கும் செய்தேன். பயிற்சித்தாள்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உன் லயத்தில் தீரவேண்டிய ஒரு பிரச்சினையைப் பற்றி அதிகாரி ஒருவருக்குக் கடிதம் எழுது என்றேன். கூரையைப் பற்றி எழுதுவாள் என்று நினைத்தேன். அவள் விலாசத்தைப் பற்றி எழுதினாள்.

லயத்துக்கு விலாசம் கிடையாது. வீட்டு எண் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனும் போட்டுத்தான் காகிதம் வரும். தபால்காரர் தோட்டத்து ஆபீஸில் போட்டுவிட்டுப் போவார். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகளை நான் என் வகுப்புகளிலேயே பார்த்திருக்கிறேன். அனுமதி அட்டையை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்த பிறகும் பதிவுத் தபால் அதே வழியில்தான் வருகிறது. மருமகளின் கடிதம் தபால் திணைக்களத்துக்கு: காம்பராவுக்கு ஓர் எண், லயத்துக்கு ஒரு பெயர், வீட்டு வாசலுக்குத் தபால்.

முதல் தடவை இரண்டரைப் பக்கம் வந்தது. பெரிய சொற்கள் எல்லாம் அணிவகுத்து நின்றன. ‘அன்பிரெசிடென்டட் ஹார்ட்ஷிப்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கஷ்டம் இதற்கு முன் நடக்காததா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு அடித்தாள். எந்த வருடம் யாருக்கு வந்த கடிதம் எத்தனை நாள் தாமதம் என்று லயத்தில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். கேட்டு வந்தாள். அம்மாவின் சேமலாப நிதிக் காகிதம், பக்கத்துக் காம்பரா அண்ணனின் நேர்முகக் கடிதம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிளினிக் திகதி. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். திகதிகளுக்கு ‘ஆன்’, மாதங்களுக்கு ‘இன்’, தோட்டத்து ஆபீஸுக்கு ‘அட்’. நான் சிவப்புப் பேனையைத் திறந்துவிட்டு மூடவேண்டி வந்த இடங்கள் அதிகம். கடைசியாக ஒரே பக்கத்தில் வந்து நின்றது.

பயிற்சிக்காகத்தான் எழுதச் சொன்னேன். அவள் அதை டைப் செய்து, தமிழ் மொழிபெயர்ப்பையும் சேர்த்து, லயத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். நேற்று இரவு போன் வந்தது.

“மாமா, இந்த ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். கீழ் லயம், மேல் லயம் ரெண்டுலயும் கையெழுத்து வாங்கணும். எல்லாரும் வீட்ல இருக்கிறது அன்னிக்குத்தான்.”

“ஒவ்வொருத்தருக்கும் தமிழ்ல வாசிச்சுக் காட்டிட்டு வாங்கு” என்றேன்.

“அதெல்லாம் தெரியும் மாமா” என்றாள். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த ஞாயிறு வகுப்பு இல்லை.